காணாத அன்னம்

"ஐயா, நீங்கள் அன்னத்தைக் கண்டிருக்கிறீர்களா?"

பண்டித வகுப்பிலே புறநானூற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி என்னை இவ்வாறு வினவினாள். பிசிராந்தையார் அன்னச் சேவலை விளித்துப் பாடிய 67ஆம் பாட்டை யான் அன்று விரித்துரைத்துக்கொண்டிருந்தேன். குமரித் துறையிலே மேய்ந்துவிட்டு வடமலைக்குப் பெயரும் அன்னமே, இடையிலே சோழ நாட்டில் உறையூர் மாடத்தில் உன் பேடையோடு தங்கிச் செல்வாயாக. அரண்மனையுட் புகுந்து, யான் ஆந்தையின் அடியேன் என்று சொல்வாயாயின், உன் பேடை அணிதற்குரிய நல்ல அணிகலன்களை என் வேந்தன் நல்குவான் என்பது அப்பாட்டின் கருத்து.

வினாவுக்கு விடை ஒரு சொல்லில் அடங்குவது. "இல்லை" என்று கூறியிருக்கலாம். அதனைக் கூறாமல், "அது நூல்களில் வருவது, பிள்ளை, பாடத்தைக் கவனி" என்று மழுப்பிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. முப்பது ஆண்டுகளாக அன்னத்தைக் கற்பித்து வருகின்றேன். அது செங்காலது, வெண்ணிறத்தது, மகளிர் நடைக்கு உவமையாவது, பாலையும் நீரையும் பிரிக்க வல்லது, நான்முகனுக்கு ஊர்தி, நளனுக்கும் தமயந்திக்கும் இடையே தூது நடந்தது. இத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆயினும் அன்னம் என்பது வானத்தின் கீழே உயிரோடு உலவும் ஒரு பறவையாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்குத் தோன்றியதில்லை.

அன்னம் என்றதும் என் மனக்கண்ணில் எழுந்தது இரவிவர்மாவின் தமயந்தி ஓவியத்திலும் சுவர் நாட்காட்டிகளிலும் கண்ட, வில்போல் வளைந்த நெடுங்கழுத்துடைய வெள்ளைப் பறவையே. அது ஐரோப்பிய நாட்டு ஏரிகளில் நீந்துவது. தமிழ்நாட்டுக்கோ ஈழத்துக்கோ வலசை வருவதன்று. பிசிராந்தையார் அதனைக் குமரித் துறையிலே கண்டிருக்க முடியாது. அவ்வாறாயின் அவர் கண்டது எதனை?

அந்த மார்கழியில், கனடாவிலிருந்து என் பழைய மாணாக்கன் ஒருவன் விடுமுறைக்கு வந்திருந்தான். பறவைகளை ஒளிப்படம் எடுப்பது அவனுக்கு மிகுந்த விருப்பமான பொழுதுபோக்கு. அவன் வாழும் ஊரிலே வாத்துக் கூட்டம் வீதியைக் கடந்து முடியும்வரை கார்கள் வரிசையாகக் காத்து நிற்குமாம். என் ஐயத்தை அவனிடம் கூறினேன். அவன் சிரித்துக்கொண்டே, "சேர், அன்னம் இருக்குதோ இல்லையோ தெரியாது. ஆனால் அன்னத்தின்ர சொந்தக்காரர் எல்லாரும் உங்கட வீட்டுக்குப் பக்கத்திலதான் வந்து நிக்கினம். விடிய நாலு மணிக்கு ஆயத்தமாய் இருங்கோ" என்றான்.

நாவற்குழியிலிருந்து மறவன்புலவு, தனங்கிளப்பு வழியாகக் கேரதீவுக்குச் செல்லும் வீதியை இந்நாட்டார் அறிவர். 2011ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின், பூநகரிக்கும் மன்னாருக்கும் செல்வோர் இவ்வீதி வழியே விரைந்து செல்கின்றனர். யானும் பன்முறை பேருந்திலே சென்றிருக்கின்றேன். தனங்கிளப்பிலே வீதியோரத்துப் பரவைக்கடலில் வெண்புள்ளிகளாகச் சில தோன்றும். கொக்கு என்று எண்ணிக் கண்ணை மூடிக்கொள்வேன். சாவகச்சேரியிற் பிறந்து, மட்டுவிற் கத்தரிக்காயும் தென்மராட்சிப் பலாப்பழமும் உண்டு வளர்ந்த எனக்கு, என் ஊரின் தென்கரையிலே ஆண்டுதோறும் ஒரு பெருவிழா நடப்பது ஐம்பது வயது கடந்தபின்னரே தெரியவந்தது.

கிழக்கு வெளுக்குமுன் கரையை அடைந்தோம். மார்கழிப் பனி. மாரி மழை பெய்து ஓய்ந்து, பரவைக்கடல் முழங்காலளவு நீரோடு வெள்ளித் தகடுபோல் விரிந்து கிடந்தது. முதலில் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை, செவிக்கே புலப்பட்டது. மெல்லிய சீழ்க்கைகள், நீரை அலகால் அளையும் சலசலப்பு, இடையிடையே சிறகடிப்பு. பல்லாயிரம் பேர் நிறைந்த மண்டபத்திலே எல்லோரும் தாழ்ந்த குரலிற் பேசினால் எழும் ஓசை போன்றதோர் ஓசை அது. பின்னர் வெளிச்சம் படரப்படர, நீரின்மேல் இருந்த கரிய திட்டுக்கள் பறவைகளாகப் பிரிந்தன.

மாணாக்கன் இருகண் நோக்கியை என் கையிற் கொடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினான். கபிலத் தலையும், கழுத்தின் பக்கத்தில் மேனோக்கி ஏறும் வெள்ளைக் கோடும், ஊசிபோல் நீண்ட வாலும் உடையது ஊசிவால் வாத்து. நெற்றியிலே நாமம் இட்டாற்போல வெளிறிய மஞ்சட் பட்டை உடையது நாமத்தலை வாத்து. சீழ்க்கை ஒலி அதனுடையது. கண்ணுக்கு மேலே வெள்ளைப் பிறை வரைந்தாற் போன்றது நீலச்சிறகி. யாழ்ப்பாணத்தார் இவையனைத்தையும் "தாரா" என்ற ஒரு சொல்லால் வழங்கிவிடுவர். இவை பெரும்பாலும் ஐரோவாசியப் பெருநிலத்தின் வடபாற் சதுப்புக்களிலே குஞ்சு பொரித்து, அங்கே பனி உறையும் காலத்திற் புறப்பட்டு, மத்திய ஆசிய வான்வழி என்று அறிஞர் கூறும் நெடுவழியே தெற்கு நோக்கி வருவன. அவ்வழியின் தென்கோடி நம் இலங்கை. இதற்கு அப்பால் தென்முனைப் பனிக்கண்டம்வரை அவை இறங்கி இளைப்பாற ஒரு பெருநிலம் இல்லை. ஆகவே தனங்கிளப்பு அவற்றுக்கு வழியிடைச் சத்திரம் அன்று. வழியின் முடிவிலுள்ள வீடு.

அலகை நீரில் ஆழ்த்தி அவை மேய்வதை நெடுநேரம் நோக்கினேன். வாத்தினத்தின் அலகோரங்களிலே சீப்பின் பற்களைப்போல நுண்ணிய தகடுகள் உள்ளன. நீரையும் சேற்றையும் வாயில் வாங்கி, நீரை ஓரங்களால் வெளிவிட்டு, விதையையும் சிறு பூச்சியையும் மட்டும் தடுத்து விழுங்குதல் அவற்றின் வழக்கம். பாலும் நீரும் பிரிக்கும் அன்னத்தின் கதை என் நினைவுக்கு வந்தது. வேண்டியதை வைத்து வேண்டாததை விடும் இந்த அலகைக் கண்ட ஒருவனே அக்கதையை முதலிற் சொல்லியிருக்கக்கூடும் என்று எண்ணினேன். இது என் ஊகமேயன்றி முடிபன்று.

இனி, யான் நாணத்தோடு எழுதவேண்டிய பகுதி வருகின்றது.

கதிரவன் எழுந்தான். பொன்னொளி நீரெங்கும் பரவியது. "சேர், இந்த வெளிச்சத்தில கூட்டம் முழுதும் எழும்பினா அதுதான் படம்" என்றான் மாணாக்கன். பறவைகள் எழும்புவதாக இல்லை, அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தன. எனக்கும் ஆவல் மிகுந்தது. ஆயிரம் சிறகுகள் ஒருங்கே விரிவதைக் காணவேண்டும் என்ற வேட்கையினால், "கையைத் தட்டினால் எழும்பாதோ?" என்று கேட்டவன் யானே. கேட்டதோடு அமையாமல் இருமுறை ஓங்கித் தட்டினேன். வான் கிழிந்தாற் போன்ற ஓர் ஓசை. பரவைக்கடலே தன் மேற்போர்வையை உதறி எறிந்தாற்போலப் பறவைகள் எழுந்தன, வளைந்தன, மீண்டும் வளைந்தன, இறங்க அஞ்சித் தெற்கே நெடுந்தொலைவு சென்று மறைந்தன. மாணாக்கனின் கருவி விடாது ஒலித்தது. நீர் வெறிதாயிற்று.

வீச்சுவலையைத் தோளிற் சுமந்து கரையோரமாக வந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு நின்றார். கோபம் அவர் முகத்தில் இல்லை, அயர்ச்சியே இருந்தது.

"ஏன் வாத்தியார் கலைச்சனீங்கள்? எவ்வளவு தூரத்தில இருந்து வந்து, இப்பதான் ஆறுதலா இரையெடுக்குதுகள். எங்களைக் கலைச்ச காலம் மறந்து போச்சோ?"

அவ்வளவே அவர் கூறியது. வலையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். அவர்க்கு மறுமொழி கூற என்னிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாளை யாழ்ப்பாணத்தார் எவரும் மறந்திலர். அன்று இரவு, கொட்டும் மழையிலே, வலிகாமத்து மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குள் வந்தனர். பல இலட்சம் மக்கள். ஓரடி எடுத்து வைக்க ஒரு நாழிகை. யான் அப்போது இளம் ஆசிரியன். எங்கள் வீட்டு முற்றத்திலும் பாடசாலை விறாந்தையிலும் கோயில் மண்டபத்திலும் படுக்க இடமின்றி மனிதர் இருந்தபடியே உறங்கினர். ஐந்து ஆண்டுகளின்பின் எங்கள் முறை வந்தது. 2000ஆம் ஆண்டுப் போரிலே சாவகச்சேரி நகரம் கல்மேற் கல் நில்லாது போயிற்று, நாங்களும் கலைந்தோம். 2009இற் போர் முடிந்தபின்னரும் பல கரைகளில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளே எங்களை வரவேற்றன.

ஐப்பசிப் பிற்பகுதி என்பது வடதிசைப் பறவைகள் நம் கரையில் வந்து இறங்கும் காலம். அந்த 1995ஆம் ஆண்டிலும் அவை வந்திருக்கும். நாவற்குழிப் பாலத்தின்மேல் மனிதர் நெருக்குண்டு நகர்ந்த அதே இரவிலும் அவற்றுட் சில இருளில் எங்கள் தலைக்கு மேலாகப் பறந்திருக்கலாம். எவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அக்காலத்திலே வானத்தை நோக்கியவர் நோக்கியது பறவைக்காக அன்று.

கலைக்கப்படுதல் என்றால் என்ன என்பதை அறிந்தவன் யான். அறிந்தும், ஓர் அழகிய காட்சிக்காகக் கையைத் தட்டினேன். பறவைக்கு அது வெறும் பறப்பன்று. நெடும்பயணத்தால் இளைத்த உடல், மேய்ச்சலினால் மெல்ல மெல்லச் சேர்த்த கொழுப்பை வீணே எரிக்கின்றது. மாசி பங்குனியில் மீண்டும் வடதிசைக்குச் செல்லவேண்டிய வழிச்சோறு அது. ஒருவர் ஒருமுறை தட்டினால் பெரிதன்று என்று தோன்றும். நாள்தோறும் வருவோர் ஒவ்வொருவரும் ஒருமுறை தட்டினால்?

மாணாக்கன் எடுத்த படம் மிக அழகாக அமைந்திருந்தது. பிறர் பாராட்டியிருப்பர். அன்று மாலை அவனே அதனை அழித்துவிட்டான். யான் சொல்லவில்லை.

அதன்பின் அவன் நின்ற மூன்று வாரத்தில் ஏழு முறை சென்றோம். இம்முறை அவன் எனக்கு ஆசிரியனானான். கதிரவனை முதுகில் வைத்துக்கொள்ளவேண்டும். சேற்றின் நிறத்து ஆடை வேண்டும். என் வெள்ளை வேட்டி கூடாது. பறவை வருமுன் நாம் இடத்திற் சென்று அமரவேண்டுமேயன்றி, அமர்ந்த பறவையை நோக்கி நாம் நடத்தல் ஆகாது. நின்று நோக்குதலினும் தாழ்ந்து, பறவையின் கண்மட்டத்தில் இருந்து நோக்குதல் நன்று. வெள்ளிறகுப் பறவைக்கு ஒளியைச் சற்றே குறைத்து வாங்கவேண்டும். இன்றேல் இறகின் வரிகள் கரைந்துவிடும். பறக்கும் சிறகை நிறுத்திக் காட்ட ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கே கருவியின் கண் திறந்து மூடவேண்டும். இவற்றினும் மேலாக ஒன்று: கூட்டத்தின் ஓரத்திலுள்ள பறவையை நோக்கிக்கொண்டிரு என்றான். ஓரத்துப் பறவை கழுத்தை நிமிர்த்துமாயின் நாம் மிகை நெருங்கிவிட்டோம் என்பது பொருள், அக்கணமே பின்வாங்கவேண்டும்.

ஓரத்துப் பறவையைப் பற்றி அவன் கூறிய இன்னொரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. வாத்துக்கள் வரிசையாக உறங்கும்போது நடுவில் உள்ளவை இரு கண்களையும் மூடுகின்றன. ஓரத்தில் உள்ளவை வெளிப்புறக் கண்ணைத் திறந்து வைத்து, மூளையின் ஒரு பாதியால் உறங்கி மறுபாதியால் விழித்திருக்கின்றன. 1999ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதனை நிறுவியது. போர்க்காலத்திலே எங்கள் தாய்மாரும் அவ்வாறே உறங்கினர் என்பதை இதனைப் படிப்போர் சிலர் நினைவுகூர்வர்.

பழந்தமிழிலே "பார்வை" என்ற சொல்லுக்கு நாம் இன்று வழங்காத ஒரு பொருள் உண்டு. வேடர்கள் மானையும் புள்ளையும் அகப்படுத்துவதற்குப் பழக்கி வைத்த விலங்குக்கும் பறவைக்கும் பார்வை என்பது பெயர். பார்த்தலும் வேட்டையாடுதலும் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தன. இன்றும் நாம் படம் "பிடிக்கின்றோம்". ஆங்கிலேயரோ படத்தைச் "சுடுகின்றோம்" என்பர். வேட்டையினின்றும் பார்வை பிரிந்து தனியே நிற்பதற்கு உலகம் நெடுங்காலம் எடுத்திருக்கின்றது. இங்கிலாந்திலே கேர்ட்டன் சகோதரர் 1892ஆம் ஆண்டிற் பறவைக் கூட்டை முட்டையோடு ஒளிப்படம் எடுத்தனர். பின்னர், பறவை அஞ்சாதிருக்கும்பொருட்டு, தோலாற் செய்த பொய் எருதின் வயிற்றுக்குள் ஒளிந்திருந்து படம் எடுத்தனர். நெடுநேரம் குனிந்திருந்து அவர் பட்ட பாட்டை எண்ணினால் நகைப்பும் வரும், மதிப்பும் வரும். அந்நாட்டிலேயே பீட்டர் இசுக்கொட் என்பார் இளமையில் காட்டு வாத்துக்களைச் சுடுவதிற் பெருவிருப்புடையவர். பின்னர்த் துப்பாக்கியை விட்டு, 1946இல் சிலிம்பிரிட்சு என்னுமிடத்தில் அவற்றுக்கே ஒரு காப்பகம் நிறுவினார். தமிழ்நாட்டிலே எழுத்தாளர் மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும் வரை காட்டுயிர்களைப் பற்றி இடையறாது எழுதியும், கருப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தும் பணிபுரிந்தார். பார்வை வேட்டையினின்றும் நீங்கியது இத்தகையோரால்.

ஏழாம் நாள் பெற்ற படம் இப்பொழுது என் மேசைமேல் உள்ளது. ஊசிவால் வாத்தின் சேவல் ஒன்று, பேடு ஒன்று, இரண்டும் மேய்ந்துகொண்டிருக்கின்றன. சிறகுகள் விரியவில்லை. அவை எங்களை அறிந்திருக்கவில்லை என்பதே அப்படத்தின் சிறப்பு.

தாராவைக் கண்டாயிற்று. அன்னம் எங்கே?

மாணாக்கன் கனடா திரும்புமுன் எனக்கொரு குறிப்பு எழுதிக் கொடுத்தான்: "வரித்தலை வாத்து. கூந்தன்குளம், திருநெல்வேலி." அடுத்த தை மாதம் திருச்செந்தூர் முருகனைத் தரிசிக்கச் சென்ற யான், வழிபாடு முடிந்ததும் நாங்குநேரி வட்டத்திலுள்ள அச்சிற்றூருக்குச் சென்றேன்.

கூந்தன்குளம் 1994ஆம் ஆண்டு பறவைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அண்மையில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அரசு அறிவிக்குமுன்னரே ஊரார் அறிவித்துவிட்டனர். வீட்டு வேம்பிலும் முற்றத்துக் கருவேலத்திலும் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கும். பறவை எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகின்றது. பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்துவதில்லை என்று கூறினர். ஊர்ச் சிறுவர் பட்டாசுக்கு ஏங்காரோ என்று ஒரு மூதாட்டியைக் கேட்டேன். "பிள்ளைக்குப் பிறகு சொல்லிக்கலாம் ஐயா, பறவைக்குச் சொல்ல முடியுமா?" என்றார். எனக்குத் தனங்கிளப்பு நினைவுக்கு வந்தது.

குளக்கரையின் மேற்குப் புறத்திலே, புல் முளைத்த ஈரத்தில், நாற்பது ஐம்பது பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. வெளிர் சாம்பல் உடல். வெயிலில் வெண்மையாகவே தோன்றியது. வெள்ளைத் தலையின் பின்புறத்தில் மையால் இழுத்தாற்போல் இரண்டு கரிய வரிகள். அலகும் காலும் செம்மஞ்சள். யான் ஒரு வேலமரத்தடியில் அமர்ந்தேன். கை தட்டவில்லை.

ஒரு நாழிகை கழிந்திருக்கும். கூட்டத்தில் ஒன்று தலை நிமிர்த்தி, வரப்பு வழியே நடக்கத் தொடங்கியது. அந்த நடையைக் கண்டதும் என் மெய் சிலிர்த்தது. வீட்டுத் தாரா நடப்பதை நாமெல்லாம் அறிவோம். இருபுறமும் சாய்ந்து சாய்ந்து தள்ளாடும். அதன் கால்கள் உடலின் பின்புறத்தில் அமைந்திருத்தலே அதற்குக் காரணம். இப்பெருவாத்துக்கோ கால்கள் உடலின் நடுவே அமைந்துள்ளன. புல் மேய்ந்து நிலத்தில் உலவும் வாழ்க்கைக்கு ஏற்ற அமைப்பு அது. கழுத்தை நேரே நிறுத்தி, ஒவ்வோர் அடியையும் அளந்து வைத்து, அவசரமின்றி அது சென்றது. முப்பது ஆண்டுகளாக "அன்னநடை" என்று கரும்பலகையில் எழுதியவன், அச்சொல் தரையில் நடந்து செல்வதை அன்று கண்டேன்.

வேறொன்றும் நினைவுக்கு வந்தது. நெடுநல்வாடையிலே அரசியின் கட்டிலில் அன்னத்தின் தூவி பரப்பிய அணை கூறப்படுகின்றது. இறகின் அடியில் உள்ள மென்தூவியால் மெத்தையும் போர்வையும் செய்வது இன்றும் குளிர்நாடுகளில் வழக்கு. அத்தூவிக்குப் பெயர்பெற்றது இவ்வினமே.

வரித்தலை வாத்தின் பயணமோ புராணத்தையும் விஞ்சுவது. மங்கோலியா, திபேத்து முதலிய மேட்டுநிலத்து ஏரிகளிலே குஞ்சு பொரிக்கும் அது, குளிர்காலத்துக்கு இமயத்தைக் கடந்து வருகின்றது. மங்கோலியாவிற் கழுத்துப்பட்டை இடப்பட்ட பறவைகளைக் கர்நாடகத்து நீர்நிலைகளில் கண்டதுண்டு. சிறு கருவிகளை அவற்றின் உடலிற் பொருத்தி ஆராய்ந்தோர், 7,290 மீற்றர் உயரத்திற் பறந்த ஒன்றைக் குறித்திருக்கின்றனர். அவ்வுயரத்தில் உயிர்வளி மிகக் குறைவு; மனிதன் நடக்கவே மூச்சுத் திணறுவான். அப்பறவையின் குருதி அந்தச் சிறிதளவு உயிர்வளியையும் இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையது. மலை உயர உயரத் தானும் உயர்ந்து, பள்ளம் வரும்போது தானும் தாழ்ந்து, நிலத்தை ஒட்டியே அது பறக்கின்றது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. குமரிக்கு அணித்தான ஒரு குளத்தில் மேய்ந்து, வடமலையைத் தாண்டிச் செல்லும் பறவை ஒன்று மெய்யாகவே உண்டு. பிசிராந்தையார் வரைந்த வழி கற்பனை வழியன்று.

அவ்வாறாயின் அன்னம் என்பது வரித்தலை வாத்தே என்று முடிவு செய்யலாமோ? வடமொழி அம்சத்தை ஆராய்ந்த ஒல்லாந்து நாட்டறிஞர் வோகல், 1962இல் வெளியான தம் நூலிலே, அது வளைகழுத்து வெள்ளைப் பறவையன்று, பெருவாத்து இனமே என்று வாதிட்டார். தமிழ் அன்னத்துக்கும் இது பொருந்துமென்றே என் மனம் விரும்புகின்றது. ஆயினும் ஆசிரியன் விருப்பத்தை முடிபாகக் கூறலாகாது. 67ஆம் பாட்டில் அன்னம் அயிரை மீனை மேய்கின்றது. வரித்தலை வாத்தோ பெரும்பாலும் புல்லும் பயிரும் மேய்வது. புலவர் போற்றும் தூவெண்மையும் இதனிடம் முழுமையாக இல்லை. நடையும் தூவியும் வழியும் பொருந்துகின்றன; உணவும் நிறமும் இடிக்கின்றன. அன்னம் என்ற ஒரு பெயராற் பழந்தமிழர் ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகளைக் குறித்திருத்தலும் கூடும், நாம் எல்லாவற்றையும் தாரா என்பதுபோல. இவ்வளவே இன்று என்னாற் சொல்ல முடிவது.

ஊர் திரும்பியதும் பண்டித வகுப்பிலே அதே பாட்டை மீண்டும் எடுத்தேன். பாடம் தொடங்குமுன் அம்மாணவியை விளித்து, "பிள்ளை, சென்ற ஆண்டு நீ கேட்டபோது யான் அன்னத்தைக் கண்டிருக்கவில்லை. அதனை ஒளித்துப் பேசினேன், அது பிழை" என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. பின்னர்த் தனங்கிளப்புப் படத்தையும், கூந்தன்குளத்தில் என் கைத்தொலைபேசியால் எடுத்த மங்கலான படம் ஒன்றையும் மேசைமேல் வைத்தேன். பொருந்துவன இவை, பொருந்தாதன இவை என்று இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன். அன்று நடந்த பாடம்போல் ஒன்று என் வாழ்நாளில் நடந்ததில்லை.

பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர் என்பது தமிழுலகம் அறிந்தது. காணாமலே அன்பு கொள்ளலாம் என்பதற்குப் பரிமேலழகரும் அவர்களையே காட்டினார். ஆனால் ஈற்றிலே, சோழன் வடக்கிருந்தபோது, ஆந்தையார் நேரில் வந்தே சேர்ந்தார். நூலினாற் கொண்ட அன்பும் ஒருநாள் எழுந்து நடந்து சென்று தன் பொருளைக் காணவேண்டும் போலும்.

மணி அடித்தபின், "ஐயா, அந்த வரித்தலை வாத்து எங்கட பக்கம் வராதோ?" என்று அம்மாணவி கேட்டாள். இலங்கைக்கு அது எப்பொழுதேனும் வழிதவறி வருவதாகவே பறவை நூல்கள் குறிக்கின்றன என்றேன். "அப்ப வந்தால் ஆர் காணுறது?" என்றாள்.

அவ்வினாவுக்கு இம்முறை மழுப்பவில்லை. மார்கழி தொடங்கி மாசி முடியும்வரை, ஞாயிற்றுக்கிழமை தோறும் விடியற்காலையில், எங்கள் பண்டித வகுப்பினர் பதினொருவர் தனங்கிளப்புக் கரையில் ஒரு கொப்பியோடு அமர்ந்திருக்கின்றனர். பெயர், எண்ணிக்கை, நேரம், எவரேனும் கலைத்தனரா என்று நான்கு நிரல்கள். பரவைக்கடலின் கீழ்க்கோடியிலுள்ள சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. எங்கள் கரைக்கு அத்தகைய மதில் இல்லை. நாங்கள் பதினொருவரே மதில்.

வலை சுமந்து வரும் முதியவர் எங்களைக் கண்டால் இப்பொழுது நிற்கின்றார். சென்ற ஞாயிறு கொப்பியை வாங்கிப் பார்த்தார். நான்காவது நிரலில் விரலை வைத்து, அது வெறுமையாக இருந்ததைக் கண்டு தலையசைத்துவிட்டுச் சென்றார்.